தென்னந்தோப்பிலிருந்து வந்த எவர்சில்வர் கைத்துப்பாக்கி

"எவர்சில்வர்னு சொல்லித்தானே வித்தான், தம்பி? எவர்சில்வர் துருப்பிடிக்குமா?"

2024 ஜூலையில், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் பட்டறை மேசையில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது. நாடாளுமன்றத் தேர்தல் முடிந்து, ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த உரிமத் துப்பாக்கிகள் எல்லாம் வீடு திரும்பியிருந்த நேரம். தஞ்சாவூரில் உரிமம் பெற்ற பழுதுபார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் எங்களுக்கு ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் ஒரு சீசன் உண்டு. மூன்று மாதம் உறைக்குள் கிடந்ததை வெளியே எடுக்கும்போதுதான் அவரவருக்குத் தன் துப்பாக்கியின் நிலைமை தெரியும். பெரும்பாலும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் தோட்டாத் துப்பாக்கிகள் வரும். அப்பா காலத்தில் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் வைத்திருந்த வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள் நிறைய வந்தன. இப்போது அவை அபூர்வம். எவர்சில்வர் கைத்துப்பாக்கி வருவது அதைவிட அபூர்வம். எனக்கு இது மூன்றாவது.

வந்தது அமெரிக்க ரூகர் கம்பெனியின் மார்க் 2, பாயின்ட் 22 எல்ஆர் என்ற சிறிய தோட்டாவுக்கானது. பத்துத் தோட்டா மேகசின், நீளமான கனத்த பேரல் (குழல்), குறிபார்த்துச் சுடும் பழக்கத்துக்கான துப்பாக்கி. 1949-ல் வந்த முதல் ரூகர் கைத்துப்பாக்கியின் வழியில் வந்த வடிவம் இது. மார்க் 2 என்ற பெயரில் 1982 முதல் 2004 வரை செய்தார்கள். பெரியவர் இதை 1989-ல் அமெரிக்காவில் வேலையில் இருந்தபோது வாங்கி, 1996-ல் குடிபெயர்ந்து ஊர் திரும்பும்போது கொண்டுவந்திருக்கிறார். வெளிநாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த, தடைசெய்யப்படாத அளவுள்ள ஒரே ஒரு துப்பாக்கியை அப்படிக் கொண்டுவரச் சுங்க விதியில் இடம் உண்டு. ஆனால் கொண்டுவந்தவர் உயிரோடு இருக்கும்வரை அதை விற்கவோ, இரவல் கொடுக்கவோ, வேறு எவருக்கும் மாற்றவோ கூடாது. பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு இங்கே லட்சக்கணக்கில் விலை போவதைக் கேட்டவர்கள் "அழகுபடுத்தி வித்துடலாமே" என்பார்கள். இவருக்கு அந்த யோசனைக்கே இடம் இல்லை. இந்த வேலை முழுக்க அவர் கையில் வைத்திருப்பதற்காகத்தான்.

உரிமப் புத்தகத்தையும் துப்பாக்கி எண்ணையும் ஒத்துப் பார்த்து, பதிவேட்டில் ஏற்றி, மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரின் வாயில் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் விளக்கைப் போட்டேன். விரலை வைத்துப் பார்ப்பது அப்பா சொல்லிக் கொடுத்தது. கண்ணை நம்பாதே என்பார்.

பார்த்தது என்ன?

வலது பக்கம் மோசம். ரிசீவர் என்ற உடற்குழாயிலும் பேரலின் பின்பாதியிலும் ஊசியால் குத்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள். நகத்தை ஓட்டினால் தடுக்கியது. இடது பக்கம் வேறு மாதிரி: குழி இல்லை, ஆனால் மேலெல்லாம் டீ சிந்திக் காய்ந்ததுபோல் பழுப்புப் பூச்சு, அதற்கு அடியில் தாறுமாறாக ஓடும் மெல்லிய கீறல்கள். பேரல் நுனியில் குறிபார்க்க நிற்கும் முன்குறியின் திருகுத் தலை வழுக்கிப்போய் மொட்டையாக இருந்தது. ரிசீவருக்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட் என்ற எஃகுத் துண்டைப் பின்னால் இழுத்தால் மெதுவாக, பசையில் சிக்கியதுபோல் வந்தது. மூக்கில் சிக்கெடுத்த எண்ணெய் வாசம்.

பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கல்லாவில் கிடந்த ஒரு காந்தத்தை எடுத்தேன். டீ குடித்துவிட்டு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் வைத்தேன், ஒட்டவில்லை. துப்பாக்கிப் பேரலில் வைத்தேன், டக்கென்று ஒட்டியது. நல்ல சமையல் பாத்திரம் 304 வகை. அதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். பேரலுக்கு அது ஆகாது, சூடேற்றிக் கடினமாக்க முடியாது. அதனால் 400 வரிசை எஃகைத்தான் எடுப்பார்கள். அதில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான், நிக்கல் பேருக்குத்தான். கடைசலில் சுலபமாகச் சீவி வர வேண்டும் என்று சில ரகங்களில் கந்தகமும் சேர்ப்பார்கள், அது துருவுக்கு இன்னொரு வாசல். எவர்சில்வரைக் காப்பது மேலே படியும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடுத் தோல். அந்தத் தோல் உருவாகக் குரோமியம் 10.5 சதவீதமாவது வேண்டும். இந்த எஃகு அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, அவ்வளவுதான். உப்பு பட்டுக்கொண்டே இருந்தால் தோல் ஏதோ ஒரு புள்ளியில் கிழியும். கிழிந்த இடத்தில் துரு அகலமாகப் பரவாது, கிணறு வெட்டுவதுபோல் கீழே இறங்கும்.

"அப்போ பேரே பொய்யா?" என்றார்.

"உங்க வீட்டு டம்ளருக்கு உண்மை. இதுக்குப் பாதி உண்மை" என்றேன்.

அடுத்தது கைப்பிடியின் இரு பக்கமும் மூடும் பிடித்தகடுகளைக் கழற்றியதுதான் இந்த வேலையில் நான் செய்த மிக உபயோகமான காரியம். இரண்டு பக்கக் கறுப்புத் தகடுகளுக்கு அடியில் 35 வருடமாகக் காற்றுக்கூடப் படாத எஃகு இருந்தது. பளபளப்பு இல்லை. ஒரே திசையில் ஓடும் மிக மெல்லிய கோடுகள், பட்டுத்துணி மாதிரி மங்கலான வெளிச்சம். தொழிற்சாலையிலிருந்து அது எப்படி வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மராமத்துக்கு வரும் எந்தப் பொருளிலும் இப்படித் தேயாத ஒரு மூலை இருக்கும். அதைத் தேடாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்கக் கூடாது.

எப்படி இந்தக் கதிக்கு ஆனது?

ஒருவர் சொல்வதைக் கேட்டு, உலோகம் சொல்வதோடு ஒட்டிப் பார்ப்பதுதான் இதில் பாதி வேலை. பெரியவரின் தோப்பு பட்டுக்கோட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில். கடலும் உப்பளமும் கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் தகரக் கூரையின் ஆணி எத்தனை நாள் தாங்கும் என்று அங்கே வீடு கட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். துப்பாக்கியை அவர் தோல் உறையில் போட்டு, உறையோடு தேக்கு பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். அமெரிக்காவில் வாங்கிய நல்ல தோல் உறை. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் தோல் உறை, வைத்திருப்பதற்கு அல்ல. பதப்படுத்தப் போட்ட உப்புகள் தோலுக்குள் மிச்சம் இருக்கும், ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம் கஜா வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளை அடியோடு சாய்த்துப் போட்டது. இவர் தோப்பிலும் நின்றது கொஞ்சம்தான். ஓடு பறந்து வீட்டுக்குள் மழை கொட்டியது, பீரோவின் கீழ்த்தட்டு நனைந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. விழுந்த மரத்தை அறுக்க ஆள் கிடைக்காமல் அலைந்த மனிதருக்குத் துப்பாக்கி ஞாபகமே வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம். பொங்கலுக்குத் துணிமணிகளை வெயிலில் போடும்போது உறை அகப்பட்டது. வலது பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு மாதம் ஈரத் தோலில் படுத்திருக்கிறது. வலது பக்கக் குழிகளுக்குக் கணக்குச் சரியாகிவிட்டது.

இடது பக்கத்துக் கதையைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். பேரன் செய்த கைங்கரியம். பழுப்பைப் பார்த்த பையன், தாத்தாவுக்கு உதவுகிறேன் என்று பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை எடுத்து நன்றாகத் தேய்த்துவிட்டான். அன்றைக்குப் பளிச்சென்று ஆனது. ஒரு மாதத்தில் முன்னைவிட மோசம். காரணம் எளிது: நாரிலிருந்து பிய்ந்த சாதா இரும்புத் துணுக்குகள் எவர்சில்வர் மேல் அழுந்திக்கொண்டன. அந்தத் துணுக்குகள்தான் துருப்பிடித்தன, துப்பாக்கி அல்ல. வலது பக்கத் துருவும் இடது பக்கத் துருவும் ஒரே நிறம். ஆனால் ஒன்று உள்ளே இறங்கியது, மற்றது மேலே ஒட்டியது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் ஒன்று கெடும்.

கடைசியாகத் தேங்காய் எண்ணெய். தோப்பு வைத்திருப்பவர் வேறு எதைப் போடுவார்? வருடத்துக்கு இரண்டு தடவை சொந்தச் செக்கு எண்ணெயை விட்டுத் துடைத்திருக்கிறார். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். "மார்கழில மட்டும் போல்ட் வரமாட்டேங்குது தம்பி, கோடையில சரியாயிடுது" என்று அவர் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. சமையலறை ஜாடியில் நடப்பதுதான் துப்பாக்கிக்குள்ளும் நடந்திருக்கிறது. உறைவது போக, நாள்பட்டால் சிக்கெடுத்து அமிலம் ஏறும், தூசியைச் சேர்த்துப் பிசின் ஆகும். தையல் மெஷின் எண்ணெய் போட்டிருந்தால்கூடப் போதும்.

எவ்வளவு செய்வது?

இங்கேதான் எங்களுக்குள் இழுபறி. பெரியவருக்கு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு மாதிரி மின்ன வேண்டும். அவர் மருமகன் அதற்கு ஏற்பாடே செய்திருந்தார். கும்பகோணத்தில் தெரிந்த பாத்திரப் பட்டறையில் பஃபிங் சக்கரத்தில் ஐந்து நிமிடம் பிடித்தால் போதுமாம். நல்லவேளை, கொண்டுபோகவில்லை. துப்பாக்கி வேலைக்கு உரிமம் இல்லாத இடத்தில் அதைக் கொடுப்பதே ஆயுதச் சட்டப்படி வம்பு. அது ஒருபுறம் இருக்கட்டும். நாச்சியார்கோயில் விளக்கைக் கடைசலில் சுழற்றி மெருகேற்றும் கைக்கு நான் கும்பிடு போடுவேன். ஆனால் விளக்கில் எண் கிடையாது. பஃபிங் சக்கரம் விளிம்பை உருட்டிவிடும், எழுத்துகளின் ஓரத்தை வழித்துவிடும், குழிக்குள் மெழுகை அடைத்து மேலே கண்ணாடி போல் மூடிவிடும். அடுத்த மழைக்குக் குழி மறுபடி வாயைத் திறக்கும்.

துப்பாக்கி எண் பொறித்திருப்பது ரிசீவரின் வலது பக்கத்தில். குழிகள் அதிகமாக இருப்பதும் அதே இடம். இரண்டு இலக்கங்களின் மேலேயே குழி விழுந்திருந்தது. அளந்து பார்த்தேன்: பேரலில் இருந்த குழிகள் பெரும்பாலும் 0.04 மில்லிமீட்டருக்குள், எண்ணைச் சுற்றி இருந்தவை 0.1 வரை. குழியை எடுப்பது என்றால் குழியை நிரப்புவது அல்ல. குழியின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள உலோகத்தை எல்லாம் இறக்குவது. 0.1 இறக்கினால் எண்ணின் ஆழத்தில் பெரும்பகுதி போய்விடும். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு, துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. அழகுக்காகத் தேய்த்தேன் என்று சொல்லி அடுத்த உரிமப் புதுப்பிப்பில் தப்பிக்க முடியாது. எண் மங்கிய துப்பாக்கியோடு ஸ்டேஷன் வாசலில் நிற்கும் நிலைமையை எந்த வாடிக்கையாளருக்கும் நான் உண்டாக்க மாட்டேன்.

"எண்ணைச் சுத்தி ஒரு விரக்கடை அளவுக்கு நான் தொட மாட்டேன் ஐயா. அழுக்கை எடுப்பேன், துருவை நிறுத்துவேன். குழி குழியாத்தான் இருக்கும்."

"ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி இருக்குமே?"

"இருக்கும்."

இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனில் சரி என்றார்.

வேலை

முதலில் முழுக்கப் பிரித்து மண்ணெண்ணெயில் ஓர் இரவு. பிசினாகிப்போன தேங்காய் எண்ணெய் மறுநாள் காலை பழுப்புச் சேறாகக் கழன்று வந்தது. வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். பழுப்புப் பூச்சில் பாதி இதிலேயே போய்விட்டது, ஆனால் அழுந்தியிருந்த இரும்புத் துணுக்கு போகவில்லை.

தேய்க்கும் வேலைக்குப் புதிய உப்புத்தாள் மட்டும். இரும்பில் ஒருமுறை பட்ட தாளை எவர்சில்வரில் வைத்தால் பேரன் செய்ததையே நானும் செய்தவன் ஆவேன். பேரலுக்கு 320 எண் தாளில் ஆரம்பித்து, அதைவிட மெல்லிய 400-ல் முடித்தேன். உருண்டையான பரப்பில் விரலால் அழுத்தித் தேய்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டை விழும். ஷூவுக்குப் பாலிஷ் போடுவதுபோல் தாளை நாடாவாகக் கிழித்துச் சுற்றி இழுத்தேன். கடைசிக் கையை மட்டும் பிடித்தகட்டுக்கு அடியில் பார்த்த கோடுகளின் திசையில் ஓட்டி, சாம்பல் நிற நைலான் நாரால் அடக்கினேன். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் இதற்குக் கொஞ்சம் முரடு. எண்ணையும் கம்பெனி எழுத்தையும் சுற்றி இரண்டு அடுக்கு டேப் ஒட்டியிருந்தேன். டேப்பின் ஓரத்தில் பளிச்சென்று எல்லைக்கோடு விழாமல் நைலான் நாரால் கொஞ்சம் கொஞ்சமாக மங்க விடுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மொத்தம் பதினோரு நாளில் நான்கு நாள் அந்த ஒரு விரக்கடைக்கே போனது.

அடுத்து அமிலக் குளியல். பளபளக்கத் தேய்த்த எவர்சில்வரை அப்படியே விட்டால் மேலே ஒட்டியிருக்கும் இரும்பு மறுபடி பழுக்கும். அதைக் கரைத்து எடுத்துவிட்டால் குரோமியம் தன் தோலைத் தானே போட்டுக்கொள்ளும். இதற்கு நைட்ரிக் அமிலம் பழைய வழி. நான் பயன்படுத்துவது எலுமிச்சை உப்பு, ஊறுகாய்க்கும் ஜூஸுக்கும் போடும் அதே சிட்ரிக் அமிலம். எவர்சில்வருக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் ஏ967-லேயே இதற்கு அளவு உண்டு: எடையில் 4 முதல் 10 சதவீதம், 21 முதல் 49 டிகிரி சூட்டில் குறைந்தது 20 நிமிடம். நம் ஊர் ஆடி மாதச் சூட்டுக்கு அடுப்புக்கூட வேண்டாம். புதுக் கரைசல், துளி எண்ணெய்ப் பசை இல்லாத உருப்படி, இந்த இரண்டும் மட்டும் கட்டாயம். பல வருடங்களுக்கு முன் வேறொரு துப்பாக்கியின் சுத்தியலை (விசையை அழுத்தினால் அடிக்கும் துண்டு) எண்ணெய் சரியாகப் போகாமலே பழைய கரைசலில் போட்டு, கரிச்சட்டி நிறத்தில் வெளியே எடுத்திருக்கிறேன். கந்தகம் சேர்ந்த எஃகு இந்த விஷயத்தில் மன்னிக்காது. இந்தத் தடவை குளியலுக்கு முன்னும் பின்னும் சோடா உப்புக் கரைசலில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, வெயிலில் காய வைத்தேன். பிறகு ஈரத் துணியில் சுற்றி ஒரு நாள் முழுக்க டப்பாவில் மூடி வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் சுத்தம். வலது பக்கம் எண்ணுக்குக் கீழே ஒரே ஒரு குழியில் பழுப்பு எட்டிப் பார்த்தது. அதை மட்டும் மூங்கில் குச்சியால் குடைந்து மறுபடி குளிப்பாட்டினேன்.

உள்வேலை குறைவு. பேரலுக்குள் சுருளாக ஓடும் வரிகள் நன்றாக இருந்தன, பாயின்ட் 22-இன் ஈயம் படிந்திருந்தது, பித்தளைப் பிரஷ் எடுத்துவிட்டது. ஆனால் பேரல் வாயின் உள் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. இரும்புக் கம்பியை வாய்வழியாக விட்டு விட்டுத் துடைத்ததன் பலன். இந்தத் துப்பாக்கியில் போல்ட்டை உருவிவிட்டால் பின்வழியாகவே கம்பியை விடலாம், வாயைத் தொடவே வேண்டாம். உருண்டைத் தலைப் பித்தளைத் திருகில் தேய்ப்புப் பசை தடவி மெதுவாகச் சுழற்றி விளிம்பைச் சமப்படுத்தினேன். போல்ட்டுக்குள், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் குறுக்கு ஊசி இல்லை. எப்போதோ பிரித்தவர் தொலைத்திருக்கிறார். அது இல்லாமல் காலியாக விசையை அழுத்தினால் பின் நேராக சேம்பர் விளிம்பில் போய்க் குத்தும். லேசாகக் குத்தியும் இருந்தது. ஊசி ஒன்று கடைந்து போட்டேன். முன்குறியின் மொட்டைத் திருகுக்கு மாற்று கிடைக்கவில்லை. அமெரிக்க மரை, இங்கே கடையில் விற்கும் மில்லிமீட்டர் திருகு பொருந்தாது. கையில் இருந்த ஒரு கம்பித் துண்டில் மரை போட்டு மாட்டினேன். அதைப் பற்றிப் பிறகு.

மார்க் 2-ஐ மறுபடி பூட்டும் வித்தை துப்பாக்கிக்காரர்களிடையே பிரசித்தம். சுத்தியலின் பின்னால் தொங்கும் சிறு தண்டு, பிடியின் முதுகில் மடக்கிச் செருகும் ஸ்பிரிங் கூட்டுக்குள் சரியாக விழ வேண்டும். பேரல் வாயை மேலே சாய்த்து, விசையை அழுத்தி, கீழே சாய்த்து என்று ஓர் ஒழுங்கு உண்டு. தண்டு தப்பினால் எல்லாம் பூட்டியதுபோலவே இருக்கும், ஆனால் போல்ட் முழுதாகப் பின்னால் வராது. எனக்கு நாலாவது முயற்சியில் விழுந்தது. உரசும் இடங்களில் எண்ணெயோடு நிற்காமல் கிரீஸ் தொட்டு வைத்தேன். எவர்சில்வரும் எவர்சில்வரும் வறட்டுத்தனமாக உரசினால் ஒன்றையொன்று கவ்விப் பிய்க்கும். எவர்சில்வர் நட்டு போல்ட் இறுகிப்போய் அறுத்து எடுத்தவர்களுக்கு இது தெரியும். எழுபதுகளில் வந்த ஆரம்பகால எவர்சில்வர் கைத்துப்பாக்கிகளுக்கே இந்தக் கெட்ட பெயர் இருந்தது.

சுடுதளத்தில் ஐம்பது தோட்டா. ஒன்றும் சிக்கவில்லை.

ஒப்படைத்ததும், அதற்குப் பிறகும்

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் இடது பக்கத்தைப் பார்த்தார், பிறகு வலதைத் திருப்பினார், பிறகு மறுபடி இடது. "மின்னலையே" என்றார். பிடித்தகட்டைக் கழற்றி அடியில் இருந்த பழைய எஃகைக் காட்டினேன். பேரலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1989-ல் கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டியபோது இப்படித்தான் இருந்தது என்று அவரே சொன்னார். வலது பக்கத் தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "கஜா" என்று மட்டும் சொன்னார்.

உறையைத் துப்பாக்கியோடு தரவில்லை, தனியாகத் தந்தேன். துணிப் பையில் வைக்கச் சொல்லி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் நாலு கொடுத்து, நிறம் மாறினால் சூடேற்றி உலர்த்தித் திருப்பி வைக்கச் சொன்னேன். தேங்காய் எண்ணெயைப் பற்றி அவரிடம் சொல்லாமல் அவர் வீட்டம்மாவிடம் சொன்னேன். பலன் இருக்கும் என்று தோன்றியது.

வடகிழக்குப் பருவமழை முழுக்கக் கடந்து, 2025 பொங்கலுக்கு அடுத்த வாரம் சோதனைக்கு வரச் சொல்லியிருந்தேன். வந்தார். மார்கழியில் போல்ட் தடையில்லாமல் ஓடியதாம். பேரல் சுத்தம், இடது பக்கம் சுத்தம், எண்ணைச் சுற்றிய குழிகள் கறுப்பாகவே, அசையாமல் இருந்தன. ஆனால் பேரல் நுனியில், முன்குறிக்கு அடியில், கடுகளவு பழுப்பு.

நான் மாட்டிய திருகு. எவர்சில்வருக்குள் சாதா இரும்புத் திருகைப் போட்டால் அந்த இரும்புதான் முதலில் அரிக்கும். அதுவும் தோப்புக் காற்றில். பேரன் விஷயத்தில் நான் சொன்ன அதே பாடம்.

"இது யாரு செஞ்சது?" என்று பெரியவர் கேட்டார், தெரிந்துகொண்டேதான். காசு வாங்காமல் எவர்சில்வர் கம்பியில் புதுத் திருகு கடைந்து போட்டுக் கொடுத்தேன்.